மால்டாவுக்குச் சுற்றுலா விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, நடுக்கடலில் இருக்கும் தீவு நாடு மால்டா. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர், அதாவது சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. ஐந்தாறு நாளில் நிதானமாகச் சுற்றிவிடலாம். ஆனால் அந்த ஐந்தாறு நாளுக்கு விசா எடுப்பதற்குள் ஆயிரம் சந்தேகம் வந்துவிடுகிறது. நான் போய் வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்றவர்களுக்கு எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

மால்டாவுக்கென்று தனி விசா உண்டா?

சுற்றுலாவுக்குக் கிடையாது. மால்டா 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் வந்தது. ஆகவே நீங்கள் கேட்பது மால்டா தரும் ஷெங்கன் குறுகிய கால விசா, சி வகை. பிரான்ஸ் தந்தாலும் மால்டா தந்தாலும் ஸ்டிக்கர் ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான். மால்டா தந்த விசாவில் இத்தாலிக்கும் போகலாம். இத்தாலி தந்த விசாவில் மால்டாவுக்கும் வரலாம். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

விமான நிலையத்தில் இறங்கி எடுத்துக்கொள்ளலாமா? இ-விசா இருக்கிறதா?

இந்தியர்களுக்கு இரண்டும் இல்லை. கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னையிலேயே விமான நிறுவனம் ஏற்றாது. "மால்டா இ-விசா 48 மணி நேரத்தில்" என்று விளம்பரம் கண்ணில் பட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுங்கள்.

என்னிடம் பிரிட்டன் விசா இருக்கிறது. மால்டா பிரிட்டிஷ் காலனிதானே, அது போதாதா?

போதாது. 1964 செப்டம்பர் 21 அன்று சுதந்திரம் வாங்கிய நாடு. இன்றும் காமன்வெல்த்தில் இருக்கிறது, இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறது, ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் விசா விஷயத்தில் லண்டனுக்கும் மால்டாவின் தலைநகரம் வலெட்டாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்க விசாவும் அப்படித்தான். ஆனால் இந்த விசாக்களில் ஒழுங்காகப் போய்த் திரும்பிய வரலாறு விண்ணப்பத்துக்குப் பலம். அந்தப் பக்கங்களின் நகலைக் கட்டாயம் சேர்த்து வையுங்கள்.

மால்டாவோடு சிசிலியும் பார்க்க ஆசை. எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. விதி எளிமையானது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அது.

வலெட்டாவிலிருந்து சிசிலியின் பொஸ்ஸாலோ துறைமுகத்துக்கு அதிவேகக் கப்பல் ஓடுகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் இரண்டையும் சேர்த்துத் திட்டம் போடுபவர்கள் நிறைய. மால்டாவில் 5 இரவு, சிசிலியில் 3 இரவு என்றால் மால்டாவிடம் போங்கள். மால்டாவில் 3, சிசிலியில் 5 என்றால் இத்தாலியிடம்தான் போக வேண்டும். "அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, இங்கே கேட்டுப் பார்க்கலாம்" என்று ஹோட்டல் புக்கிங்கை மாற்றி மாற்றிப் போட்டால் பொய்த் திட்டம் காட்டி விசா வாங்கியதாகத்தான் அதைப் பார்ப்பார்கள்.

மால்டா விசா எடுத்துவிட்டு மால்டாவுக்கே போகாமல் பாரிஸ் போனால்?

நுழையும் இடத்தில் அதிகாரி கேட்பார். திருப்தியான பதில் இல்லையென்றால் விசாவை ரத்து செய்யவும் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அன்று தப்பினாலும் அடுத்த விண்ணப்பத்தில் வந்து நிற்கும். நடுவில் ஏதாவது நேர்ந்து திட்டம் உண்மையிலேயே மாறிவிட்டால் அது வேறு கதை. அதற்கான ஆதாரம் கையில் இருக்கட்டும். ரோம் வழியாக நுழைந்து மால்டா போவதில் எந்தச் சிக்கலும் இல்லை. முதலில் மால்டாவில்தான் கால் வைக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்குச் சட்டப்படி 15 நாள் அவகாசம். கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். இதெல்லாம் காகிதத்தில். ஏப்ரல், மே பள்ளி விடுமுறைக்கு ஊரே ஐரோப்பா கிளம்புகிறது. அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. மே பயணம் என்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் அலைந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கே கொடுப்பது? டெல்லிக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். விண்ணப்பங்களை வாங்குவது விஎஃப்எஸ் குளோபல் என்ற தனியார் நிறுவனத்தின் மையங்கள். முடிவெடுப்பது புதுடெல்லியில் உள்ள மால்டா ஹை கமிஷன். உங்களுக்கு அருகில் எந்த மையம் மால்டா விண்ணப்பம் வாங்குகிறது என்பதை அவர்கள் தளத்தில் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மையத்தில் இருப்பவர்கள் காகிதங்களைச் சரிபார்த்து வாங்கி அனுப்புவார்கள், அவ்வளவுதான். "இது போதுமா சார், கிடைக்குமா?" என்று கவுன்டரில் கேட்பதில் பயனில்லை. அவர்களுக்கும் தெரியாது.

கைரேகை, புகைப்படம் கொடுக்க நேரில் போக வேண்டும். கடந்த 59 மாதத்துக்குள் வேறு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்திருந்தால் பழையதையே பயன்படுத்த முடியும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்கள், உதாரணமாகத் துபாயிலோ குவைத்திலோ இருப்பவர்கள், இந்தியாவுக்கு வந்து கொடுக்கத் தேவையில்லை. சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் கொடுக்க வேண்டும். அங்குள்ள வசிப்பு அனுமதி பயணம் முடிந்த பிறகும் சில மாதமாவது செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எவ்வளவு?

2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அன்றைய மாற்று மதிப்பில் ரூபாயாக வாங்குவார்கள். இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அப்புறம் கூரியர், எஸ்எம்எஸ், லவுஞ்ச் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். அதெல்லாம் உங்கள் விருப்பம், வேண்டாம் என்று சொல்லலாம். லவுஞ்சில் காபி குடித்ததால் யாருக்கும் விசா சீக்கிரம் வந்ததில்லை. மறுத்தாலும் கட்டணம் திரும்பி வராது.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 வெற்றுப் பக்கங்களாவது வேண்டும். பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போங்கள். கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் அண்மையில் எடுத்த புகைப்படம், போகவரும் விமானப் பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிடம், பயணக் காப்பீடு, பணம் இருப்பதற்கான ஆதாரம், வேலை அல்லது தொழிலுக்கான ஆதாரம் ஆகியவையும் வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்திலிருந்து லீவ் அனுமதிக் கடிதம். கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுமுறை, மறுபடி எப்போது வேலையில் சேருவார் என்று தெளிவாக இருக்கட்டும். சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி பதிவு, நிறுவனத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட். ஓய்வு பெற்றவர் என்றால் பென்ஷன் ஆணை. விவசாயி என்றால் பட்டா, சிட்டா. இவை தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். திருமணச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ தமிழில் மட்டும் இருந்தால் அதற்கும் இதே கதைதான். மால்டாவில் ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் ஆங்கிலத்தில் இருந்தாலே போதும். அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் நிம்மதி.

கவரிங் லெட்டரில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம் போதும். யார் போகிறோம், எப்போது, எதற்கு, யார் செலவு, எதற்காகத் திரும்பி வருவோம். அதோடு நாள்வாரியாக ஒரு பயணத் திட்டம்.

இந்தத் திட்டத்தை ஏஜென்ட் கையில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். தெரிந்தவர் ஒருவருக்கு ஒரு ஏஜென்ட் போட்டுக்கொடுத்த திட்டத்தில் "நான்காம் நாள்: அஷூர் விண்டோ" என்று இருந்தது. மால்டாவின் கோசோ தீவில் கடலோரத்தில் நின்ற அந்தப் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இல்லாத ஒன்றைப் பார்க்க விசா கேட்கிற மாதிரி ஆகியிருக்கும். பழைய கோப்பில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

நீங்களே உட்கார்ந்து எழுதினால் ஒரு மாலை நேரம் போதும். இரண்டு நாள் வலெட்டா, ஒரு நாள் பழைய தலைநகரம் எம்தினா, ஒரு நாள் சிர்கெவ்வாவிலிருந்து படகில் கோசோ. ஹால் சஃப்லீனி நிலத்தடிக் கல்லறைக்கு ஒரு நாளைக்குச் சில பத்துப் பேரைத்தான் விடுகிறார்கள். அதற்கு வெகு நாள் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த டிக்கெட் ஒன்று இணைப்பில் இருந்தால் ஆள் உண்மையிலேயே ஊரைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது சொல்லாமலே புரியும்.

விசா வரும் முன்பே விமான டிக்கெட் வாங்க வேண்டுமா?

கேட்பது பதிவுதான், பணம் கட்டி முடித்த டிக்கெட் அல்ல. ரத்து செய்யக்கூடியதாகப் போடுங்கள். ஹோட்டலும் அப்படியே. ஆனால் சிலர் ஐந்நூறு ரூபாய்க்கு எங்கோ அச்சடித்துத் தரும் போலிப் பதிவை இணைக்கிறார்கள். அதிகாரி பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்து அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தால், பொய் ஆவணம் என்ற காரணத்தில் மறுப்பு வரும். மறுப்புக் காரணங்களிலேயே மோசமானது அதுதான்.

கணக்கில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "ஆளுக்கு 5 லட்சம்" என்று ஊரில் உலவும் கணக்குக்கு எந்தச் சட்ட ஆதாரமும் இல்லை. ஷெங்கன் நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் செலவுக்கான குறிப்புத் தொகை ஒன்றை வைத்திருக்கின்றன. மால்டாவின் தொகை நாளுக்கு 48 யூரோ. அது அடிமட்டம். நடைமுறையில் உங்கள் ஹோட்டல், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து வரும் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தச் செலவு போன பிறகும் வீட்டை நடத்தப் பணம் மிச்சம் இருப்பது ஸ்டேட்மென்டில் தெரிய வேண்டும்.

தொகையைவிட அது வந்த விதம் முக்கியம். மாதம் 40,000 சம்பளம் வந்து போகும் கணக்கில், விண்ணப்பத்துக்கு நாலு நாள் முன்னால் திடீரென்று 6 லட்சம் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மாமனாரிடம் கைமாற்றாக வாங்கிப் போட்டு, விசா வந்ததும் திருப்பித் தருவது நம்மிடம் சகஜம். அதிகாரிகளுக்கும் அது தெரியும். உண்மையிலேயே சீட்டு எடுத்திருந்தாலோ நிலம் விற்றிருந்தாலோ டெபாசிட் முதிர்ந்திருந்தாலோ பயப்பட வேண்டாம். அதற்கான காகிதத்தை வைத்து, கவரிங் லெட்டரில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 6 மாத ஸ்டேட்மென்டை வங்கி முத்திரையோடு கொடுப்பது நல்லது.

பெற்றோர் செலவில் போகும் மாணவர், கணவர் செலவில் போகும் மனைவி, பிள்ளைகள் அனுப்பி வைக்கும் அப்பா அம்மா, யாராக இருந்தாலும் செலவு செய்பவரின் கடிதமும் அவருடைய கணக்கும் உறவுக்கான சான்றும் சேர்ந்து போக வேண்டும்.

எனக்கு சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலி. பிரச்சினை வருமா?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே பிறந்த கேள்வி. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பியப் படிவங்களுக்குப் புரிவதில்லை. ஆனால் அதற்காக யாருக்கும் விசா மறுப்பதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே படிவத்தில் எழுதுங்கள். உங்கள் விருப்பத்துக்கு அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் படிவத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று மூன்று ஆள் ஆகிவிடுவீர்கள். டிக்கெட் எடுக்கும்போது ஒற்றைப் பெயரை எப்படிப் போட வேண்டும் என்பது ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் வேறுபடும், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வங்கியில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் கந்தசாமி" என்பது போல இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு நோட்டரி உறுதிமொழி வைத்துவிடுங்கள்.

காப்பீடு எப்படி எடுப்பது?

குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் நாட்கள் முழுவதற்கும் செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நோயாலோ இறப்பாலோ ஊருக்குக் கொண்டுவரும் செலவு மூன்றும் அதில் அடங்க வேண்டும். இந்திய நிறுவனங்களே தருகின்றன. விசா மறுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் பாலிசியாகப் பாருங்கள். வயதான பெற்றோருக்கு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைக்க வேண்டாம்.

குழந்தையோடு அம்மா மட்டும் போகிறார். அப்பா சம்மதம் வேண்டுமா?

வேண்டும். பிறப்புச் சான்றிதழ், வராத பெற்றோரின் நோட்டரி சம்மதக் கடிதம், அவருடைய அடையாள நகல். விவாகரத்து ஆகியிருந்தால் குழந்தை யார் பொறுப்பில் என்று சொல்லும் நீதிமன்ற ஆணை. விமான நிலையத்திலும் கேட்கக்கூடும், அசல் கையில் இருக்கட்டும்.

புனிதப் பயணமாகப் போனால் வேறு விசாவா?

இல்லை, இதே விசாதான். தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய "மெலித்தா" தீவு வருமே, அது இந்த மால்டாதான் என்பது மரபு. பிப்ரவரி 10 அன்று அங்கே அதற்குத் திருவிழா. சபைக் குழுவாகப் போனாலும் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனி ஆதாரம். குழுத் தலைவரின் கடிதம் கூடுதலாக இருக்கலாம்.

ஸ்டிக்கரில் இருக்கும் தேதிகளை எப்படிப் படிப்பது?

மூன்றைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். முதலாவதும் இரண்டாவதும் ஒன்றல்ல. மே 5 முதல் 14 வரை 10 நாள் பயணத்துக்கு விண்ணப்பித்தவருக்கு மே 5 முதல் 29 வரை என்று விசா வரலாம், தங்கும் நாள் 10 என்று இருக்கும். விமானம் தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் கூடுதலாகத் தருகிறார்கள். மே 29 வரை தங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மே 20 அன்று போனால் 29 வரை இருக்கலாம். 5 அன்று போனால் 14 அன்று வெளியேறிவிட வேண்டும். வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் சேரும்.

நுழைவு எண்ணிக்கையில் "01" என்றால் ஒரே ஒரு முறை. "மல்ட்" என்றால் பலமுறை. மால்டாவிலிருந்து துனிசியாவுக்கு ஒரு நடை போய்விட்டு மறுபடி மால்டா வர நினைத்தால் "01" போதாது. துனிசியா ஷெங்கனில் இல்லை. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், 2007 இல் மால்டா ஷெங்கனுக்குள் வந்தபோது அது வரவில்லை; அங்கே போவதாக இருந்தால் இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக்கடல் கப்பல் சுற்றுலாவில் போகிறவர்கள் இதை இரண்டு முறை பாருங்கள். கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தைத் தொடுகிறது என்ற பட்டியலையும் விண்ணப்பத்தில் இணையுங்கள்.

எத்தனை முறை போய் வந்தாலும், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஷெங்கன் முழுவதிலும் சேர்த்து 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

கோசோ, கொமினோ தீவுகளுக்குத் தனி அனுமதி வேண்டுமா?

வேண்டாம், எல்லாம் ஒரே நாடு. கோசோ போகும் கார் படகில் ஒரு வேடிக்கை உண்டு. போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் பணம் வாங்குவார்கள்.

வழியில் விமானம் மாறும்போது விசா தேவைப்படுமா?

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாகவோ ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ போக வேண்டும். ரோம், ஃபிராங்க்பர்ட் போன்ற ஷெங்கன் நகரம் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், மால்டாவில் உள்நாட்டுப் பயணி போல இறங்குவீர்கள். அதனால் ஹோட்டல் பதிவு, காப்பீடு எல்லாம் செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் வழி டிக்கெட் மலிவாக இருந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். பிரிட்டனுக்கு அதன் சொந்த டிரான்சிட் விதிகள் உண்டு.

இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். ஷெங்கன் விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா கேட்கப்படும் நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. செல்லுபடியாகும் மால்டா விசா கையில் இருந்தால் அது தனியாகத் தேவையில்லை.

சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு?

90 நாள் வரை விசா வேண்டாம். இட்டியாஸ் என்ற இணைய முன் அனுமதி இவர்களுக்கு வருகிறது. அதற்குக் கட்டணம் 20 யூரோ என்று நிர்ணயித்திருக்கிறார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கும் இட்டியாஸ் வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற்று. விசா எடுப்பவர்களுக்கு அது கிடையாது.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்பவர்கள் குறைவு. "சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று ஆரம்பிப்பார்கள். மால்டாவில் இந்தியர்கள் நிறையப் பேர் மருத்துவமனைகளிலும் ஹோட்டல்களிலும் உணவு டெலிவரியிலும் வேலை பார்க்கிறார்கள் என்பது உண்மை. அவர்களின் வழி வேறு. முதலாளி வேலை உறுதி செய்து, சிங்கிள் பெர்மிட் எனப்படும் அனுமதிக்கு ஐடென்டிட்டா என்ற அரசு நிறுவனத்திடம் விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு அதற்குரிய விசாவில் போனவர்கள் அவர்கள். "இப்போ டூரிஸ்ட்ல போங்க தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அவருக்கு உங்கள் பணம் போதும், நீங்கள் அங்கே என்ன ஆனாலும் கவலையில்லை. சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவதோடு ஷெங்கன் முழுவதற்கும் தடை விழலாம். பிடிபடாத வரையிலும் நிம்மதி இல்லை. சம்பளம் தராவிட்டால் போய்க் கேட்க முடியாது. நகையை அடகு வைத்து இந்த வழியில் போக நினைப்பவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மால்டாவில் இருக்கும் நண்பர் வீட்டில் தங்கலாமா?

தாராளமாக. அவருடைய அழைப்புக் கடிதம், வசிப்பு அட்டை நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும். செலவையும் அவரே ஏற்கிறார் என்றால் அதற்கான உறுதிமொழியும் வருமான ஆதாரமும். சின்ன அறையில் ஏற்கெனவே ஆறு பேர் இருக்கும் முகவரியைக் கொடுப்பதைவிட மலிவான விடுதி ஒன்று பதிவு செய்வது மேல்.

மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

மறுப்புக் கடிதம் ஒரு பொதுப் படிவம். அதில் காரணங்களுக்கு எதிரே குறியிட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை, அல்லது திரும்பிப் போவார் என்பதில் ஐயம். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

எது செய்யலாம் என்று கேட்டால், கொடுத்த காகிதத்தைச் சரியாகப் படிக்காமல் மறுத்துவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் முறையிடுங்கள். காகிதத்தில் ஓட்டை நம்முடையது என்றால் அதை அடைத்துப் புதிதாக விண்ணப்பிப்பதே வேகமான வழி. மறு விண்ணப்பத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. ஆனால் அதே கோப்பை அப்படியே மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். இன்னொரு ஷெங்கன் நாட்டிடம் போய் மறைத்துக் கேட்பதும் வீண். பொதுத் தரவுத்தளத்தில் 5 ஆண்டு வரை பதிவு இருக்கும், எல்லா நாட்டுத் தூதரகமும் பார்க்கும்.

விசா இருந்தால் உள்ளே விடுவது உறுதிதானே?

இல்லை. கடைசி முடிவு எல்லையில் நிற்கும் அதிகாரியுடையது. எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பார். பதற வேண்டாம், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை போதும். அச்சடித்த காகிதத்தை நீட்டினால் இன்னும் நல்லது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முகத்தைப் படம் எடுப்பார்கள். விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முன்பெல்லாம் முத்திரை தெளிவாக விழவில்லை என்று ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் சமாளித்தவர்கள் உண்டு. இனி நாட்களை எண்ணுவது இயந்திரம்.

அங்கே போய் நாளை நீட்டிக்க முடியுமா?

ஊர் பிடித்துவிட்டது என்பதற்காக முடியாது. மருத்துவமனையில் படுத்துவிட்டீர்கள், விமானங்கள் நின்றுவிட்டன என்பது போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும், விசா முடியும் முன்பே கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

போர்டிங் பாஸ்களைக் கிழித்துப் போடாதீர்கள். எல்லையில் முத்திரை அடிப்பது நின்றுவரும் காலத்தில், சொன்னபடி போய்ச் சொன்னபடி திரும்பினீர்கள் என்பதற்குக் கையில் இருக்கும் சான்று அதுதான். ஹோட்டல் ரசீதுகளையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகை அறிவித்தார்கள். கடந்த 3 ஆண்டில் 2 ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு அடுத்து 2 ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா, அதன்பின் பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் 5 ஆண்டுக்கு. மூன்றாவது விண்ணப்பம் போடும் நாளில் அந்த உறை உதவும்.